துத்துப் மகாராசா கட்டிய மியூசியம்

ஒஸ்லோவில் வெயில் எறிக்கும் நாளிலும் குடை பிடித்து நடந்த ஒரே மனிதர் தைப்பிங் அண்ணைதான். அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அந்தக் குடைக்குள் நானும் இருந்தேன். தமிழ்ச் சங்க மண்டபத்தை விட்டு வெளியேறி, திரிக் என்கிற ட்ராம் வண்டி நிற்கும் இடத்தையும் தாண்டி நடந்துகொண்டிருந்தோம். வண்டிக்குக் காத்து நின்றால் மண்டபத்து ஆட்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். வானத்தில் ஒரு பொட்டு முகில் இல்லை. ஆனால் எங்கள் இருவருக்கும் முகத்தை மறைக்க ஏதாவது தேவைப்பட்டது.

"கெதியா நடவும் தம்பி. பின்னாலை ஆரோ சிரிக்கினம்."

"அது கடல்பறவையள் அண்ணை."

"அதுகளுக்கும் தெரிஞ்சுபோச்சே?" என்றார்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். யாரும் அதைப் பாவித்துப் பார்க்கவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகள் அவை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். துரொண்ட்ஹெய்மில் மீன் வெட்டி, ஸ்தவாங்கரில் கோப்பை கழுவி, ஒஸ்லோ ரயில் நிலைய வாங்கில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தபோது இந்த மனிதர் குடையும் கையுமாக முன்னால் வந்து நின்றார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

"தம்பி, தைப்பிங் பாத்திருக்கிறீரா?"

இல்லை என்றேன். அதை அந்த வாங்கில் வைத்துச் சொல்லி முடிக்க முடியாது என்று வீட்டுக்குக் கூட்டிப் போனார். கதை முடியவே இல்லை. அதனால் அந்தக் குளிர்காலம் முழுவதும் அவருடைய சோபா எனக்குக் கிடைத்தது.

தைப்பிங் மலேசியாவில், பேராக் மாநிலத்தில் இருக்கிற ஊர். அண்ணையின் அப்பா அங்கே ரயில்வேயில் வேலை பார்த்தவர். அண்ணை பிறந்தது யாழ்ப்பாணம், அலுவலகங்கள் துடைத்தது ஒஸ்லோ. மலேசியாவில் அவருடைய கால் பட்டதே இல்லை. அந்த ஊரில் எப்போது மழை கொட்டும் என்று சொல்ல முடியாது என அப்பா எப்போதோ சொன்னதற்காகத்தான் இங்கே குடை.

சென்னையிலிருந்து வந்த இரண்டு எஞ்சினியர்களுக்கு ஒருமுறை ஊர் சுற்றிக் காட்டினார். பழைய மரக்கப்பல் வைத்திருக்கிற மியூசியத்தில் அவர்களை நிறுத்தி, கப்பலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "இதென்ன கப்பல்? மாத்தாங் கண்டல்காட்டுக்கை இரவிலை வள்ளத்திலை போகவேணும். மரம் முழுக்க மின்மினி" என்று தொடங்கினார். காவலாளி வந்து வாயில் விரலை வைத்துக் காட்டினார். பனிச்சறுக்கு மலைக்கு ஏறினார்கள். அங்கே தைப்பிங் மலையின் பனிப்புகாரைப் பற்றிப் பேசினார். சிற்பப் பூங்காவில் அதே பேராக்கில் இருக்கிற கெல்லி கோட்டையைப் பற்றி. மாலையில் ஒரு எஞ்சினியர் என்னிடம் தனியாகக் கேட்டான். "பாஸ், நாங்க இன்னைக்கு எந்த ஊரைப் பார்த்தோம்?"

அப்படிப்பட்டவருக்கு ஒரு காலம் வந்தது. கோடை விடுமுறைக்கு மலேசியா போவதென்று சங்கம் முடிவெடுத்தது. வழிகாட்டியாகப் போகிறவருக்குப் பயணச்சீட்டு இலவசம். "உங்களை விட்டா ஆர் அண்ணை?" என்றார் செயலாளர். போவதற்கு முன்னால் மண்டபத்தில் படம் காட்டி ஒரு விளக்கம் சொன்னால் போதும்.

அன்றைக்கு அண்ணை சாப்பிடவில்லை. "தம்பி, அப்பா நிண்ட இடத்திலை நான் நிக்கப்போறன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

படங்கள் அந்தக் காலத்தில் தைப்பிங்கிலிருந்து அப்பா ஊருக்கு அனுப்பியவை. வெள்ளைக் காற்சட்டையும் குடையுமாக அப்பா ஒவ்வொரு வாசலிலும் நிற்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவற்றை மண்டபச் சுவரில் பெரிதாகக் காட்டும் இயந்திரத்தை இயக்குவது என் வேலை.

"இது மியூசியம். கட்டினது துத்துப் மகாராசா. கதவிலை பேர் இருக்குது, பாருங்கோ" என்றார் அண்ணை.

கதவில் ஆங்கில எழுத்தில் 'துத்துப்' என்று ஒரு பலகை தொங்கியது. எல்லோரும் பார்த்தார்கள்.

"இது மிருகக்காட்சிச்சாலை. இதையும் துத்துப்தான் கட்டினவர். மிருகங்களிலை சரியான இரக்கம் அந்த மனுசனுக்கு. இது மலைக்கு ஜீப் போற இடம். இதிலையும் அவரின்ரை பேர். இது ஏரி. இதிலை பலகை இல்லை. ஏனெண்டா ஏரியைக் கடவுள் கட்டினவர்."

கைதட்டினார்கள். அப்போது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். தைப்பிங்கிலிருந்து ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஊரான லில்லெஸ்ட்ரோமுக்குக் கலியாணம் கட்டி வந்தவள்.

"அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க. துத்துப்னா ராஜா இல்ல லா. மலாயில 'மூடியாச்சு'ன்னு அர்த்தம்."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. "அப்ப எங்களையும் கொண்டுபோய்ப் பூட்டின கதவுகளையோ காட்டப்போறியள்?" என்று ஒரு குரல். படத்தை அணைக்க நினைத்துப் பொத்தானை அமுக்கினேன். மியூசியம் திரும்ப வந்தது. இன்னொரு முறை அமுக்கினேன். மிருகக்காட்சிச்சாலை. கடைசியில் வயரைப் பிடுங்கினேன். வெறும் சுவருக்கு முன்னால் அண்ணை கையை நீட்டியபடியே நின்றார்.

"வழிகாட்டி விசயத்தைக் கமிட்டி திரும்ப யோசிக்கும்" என்றார் செயலாளர், தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு.

வாசலில் அந்தப் பெண் ஓடி வந்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. "உங்கப்பா வேலை முடிஞ்சு சாயங்காலந்தான் போயிருப்பாரு அண்ணே. அதுக்குள்ள எல்லாம் மூடியிருப்பாங்க."

"ஓம் பிள்ளை" என்றார். குடையை விரித்தார்.

பாலம் வரை நடந்தோம். பாலத்தில் நின்றார். "உள்ளுக்கை என்ன இருக்கெண்டு எத்தினை தரம் கேட்டிருப்பன் தம்பி. வாசல் நல்ல வடிவு எண்டுதான் ஒவ்வொருமுறையும் சொல்லுவார். மனுசன் பொய் சொல்லேல்லை."

பிறகு, "நாளைக்கு நீரும் ஸ்தவாங்கருக்குப் போறீர், என்ன?" என்றார்.

எனக்கு அங்கே கோப்பை கழுவும் பழைய வேலை காத்திருந்தது. ஓம் என்றேன்.

காலையில் பஸ் நிலையத்துக்குப் போகவில்லை. அண்ணையோடு அவர் வேலை செய்யும் கட்டடத்துக்குப் போய், மேற்பார்வையாளரிடம் கேட்டு, தரை துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். மேல்மாடியில் லிஃப்ட் கதவு திறந்ததும் அண்ணை இரண்டடி நடந்தார், நின்றார், தொண்டையைச் செருமினார்.

"தம்பி, வலக்கைப் பக்கம் பாரும். இது கணக்குப் பாக்கிற ஆக்களின்ரை பகுதி. அந்த மூலைக் கண்ணாடியாலை கடல் முழுக்கத் தெரியும். இந்த வெளிச்சம் காலமையிலை மட்டுந்தான்."

வாளியைக் கீழே வைத்துவிட்டு, தூர தேசத்திலிருந்து வந்த பயணியைப் போல அவர் பின்னால் போய் நின்றேன்.