உங்களுக்கு ஒன்றுமில்லை

“ஒரே ஒரு ஊசி போட்டா உங்க கை தேஞ்சா போயிடும், டாக்டரே?”

ஊர்த்தலைவர் பாங் மான்சிக் இதைக் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் யோனும் காலையிலிருந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். சம்மதம் என்று அல்ல, மாட்டேன் என்று.

யோனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கட்டாயமாகப் பட்டாளத்தில் கழிக்க வேண்டிய காலத்தை அரசாங்கம் இந்த மலையடிவாரச் சுகாதார நிலையத்தில் கழிக்கச் சொல்லியிருந்தது. துப்பாக்கிக்குப் பதில் ஸ்டெதஸ்கோப். வந்த ஆளை நிதானமாகச் சோதிப்பார். தூக்கம் எப்படி, கிம்ச்சி ஊறுகாயில் உப்பு எவ்வளவு, பிள்ளைகள் போன் செய்கிறார்களா என்றெல்லாம் கேட்பார். எல்லாம் கேட்டுவிட்டு, “உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, சாயங்காலம் கொஞ்சம் நடங்க” என்று அனுப்பிவிடுவார்.

அதுதான் வினையாகிவிட்டது. டவுனில் டாக்டர் பியோவின் தனியார் கிளினிக்கில் சூடேற்றிய கட்டில் உண்டு, குளுக்கோஸ் பாட்டில் உண்டு, வீட்டுக்கே வந்து கூட்டிப்போக வேன் உண்டு. பியோ ஆளைப் பார்த்த மாத்திரத்தில் நோய்க்கு வாயில் நுழையாத ஒரு பெயரை வைத்து, பின்புறத்தில் ஒரு ஊசியும் போட்டுவிடுவார். ஊரே அங்கே போனது. ஆளில்லாத இந்த நிலையத்தை மூடிவிடலாமா என்று பார்க்க வெள்ளிக்கிழமை மாவட்ட அலுவலகத்திலிருந்து அதிகாரி வருகிறார்.

மூடினால் ஊருக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் மான்சிக்குக்கு அப்புறம்தான். அவர் மனைவி புன்னேவுக்குச் சர்க்கரை. பியோ கொடுத்த மாத்திரைகளைக் கைப்பிடி கைப்பிடியாக விழுங்கியும் அசையாத சர்க்கரை, யோனிடம் வந்த பிறகுதான் இறங்கியது. கால்விரல் புண் ஆறியதும் அப்போதுதான். இந்தப் பையன் போய்விட்டால் அந்தக் கால் என்ன ஆகும்?

“சரி, ஊசி வேணாம். ஒரு சின்ன குளுக்கோஸ்?”

“எதுக்குத் தலைவரே? பசிச்சா சோறு சாப்பிடச் சொல்லுங்க.”

மறுநாள் விடிந்ததும் மான்சிக் கிராமக் கூடத்து மைக்கைத் தட்டினார். ஊர்க் கம்பங்களில் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் எல்லாம் இருமின.

“தலைவர் பேசறேன். முட்டைக்கோஸ் ஏத்தற வண்டிய சந்துல நிறுத்தாதீங்க. அப்புறம், கை வலி, முதுகு வலி, மனசு வலி, எது இருந்தாலும் இன்னைக்கே நம்ம சுகாதார நிலையத்துக்கு வாங்க. வலி இல்லாதவங்களும் வரலாம்.”

வந்தார்கள். பெஞ்சு நிறைந்து வாசல்வரை நின்றார்கள். மான்சிக் தம் கையாலேயே எல்லோருக்கும் பார்லி டீ ஊற்றினார். யோன் ஒருவரையும் அவசரப்படுத்தவில்லை. மாலைவரை சோதித்தார். எல்லோரும் அதே ஒரு வாக்கியத்தோடு வெளியே வந்தார்கள்.

“ஒண்ணுமில்லயாம்” என்றாள் முட்டைக்கோஸ் தோட்டத்து ஓக்புன், முட்டியைத் தடவிக்கொண்டே. “இந்தத் தம்பி பொறக்கறதுக்கு முன்னாடியிலேருந்து வலிக்குது. அதை ஒண்ணுமில்லன்னு சொல்ல இவன் யாரு?”

“எனக்கும்தான்” என்றார் பக்கத்திலிருந்த தேசூன், பல வருஷமாக இருமிக்கொண்டிருப்பவர். “பியோ டாக்டர் என் நோயோட பேரை எழுதியே குடுத்தாரு. ஒருத்தராலயும் படிக்க முடியல. அவ்ளோ பெரிய நோய்.”

ஊர் முகத்தைத் தூக்கிக்கொண்டு கலைந்தது. மான்சிக் அன்று மாலை கூடத்துக்கு வந்து, “வெள்ளிக்கிழமை அதிகாரி வர்றாரு, எல்லாரும் இன்னொரு தடவை வாங்க” என்று மைக்கில் கெஞ்சினார். பிறகு கதவைச் சாத்தி, கூட வந்திருந்த யோனை எதிரே உட்காரவைத்து, அரிசிக் கள்ளை ஊற்றினார்.

“அவங்களுக்கு ஒரு நோயும் இல்லன்னு எனக்குத் தெரியாதா, டாக்டரே? ஓக்புன்னுக்கு வலிக்கறது முட்டி இல்ல. மருமக போன் பண்ணலைங்கறதுதான். தேசூன் இருமறதே பொண்டாட்டி திரும்பிப் பாக்கணும்னுதான். நோய்ங்கறது அவங்களுக்கு ஒரு மரியாதை. ஆளுக்கொரு பேரு வச்சு அனுப்புங்க. எல்லாருக்கும் ஒரே பேரை வச்சாக்கூடப் பரவாயில்ல, அவங்களுக்கா தெரியப்போகுது?”

யோனின் பார்வை மான்சிக்கின் தோளுக்குப் பின்னால் இருந்தது.

“தலைவரே, மைக்குல அந்தச் சிவப்பு விளக்கு எதுக்கு எரியுது?”

கூடத்து மேல் இருந்த ஒலிபெருக்கி போன புயலோடு போயிருந்ததால் உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. மற்றவை எல்லாம் நன்றாகவே வேலை செய்தன. கதவைத் திறந்தபோது, மூடுபனிக்குள் மலைச்சரிவில் மோதி, கடைசிக் கேள்வி மெதுவாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது: “எதுக்கு எரியுது... எரியுது...”

தேசூன் வீட்டில் முதலில் விளக்கு அணைந்தது. அன்று ஊரில் யாரும் இருமவில்லை.

வெள்ளிக்கிழமை ஊர் மொத்தமும் பியோவின் வேனில் ஏறி டவுனுக்குப் போய்விட்டது. அதிகாரி வந்தபோது சுகாதார நிலையத்தின் பெஞ்சில் புன்னே மட்டும் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் பின்வாசல் வழியாகப் போய், வேறு தலைத்துணி கட்டிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்து மறுபடியும் உட்கார்ந்தாள்.

“அம்மா,” என்றார் அதிகாரி, “பச்சைத் துணிதான் உங்களுக்கு நல்லா இருந்துது.”

மான்சிக் தரையைப் பார்த்தார். அதிகாரி பேனாவைத் திறந்தார். அந்த நேரத்தில் வாசலில் வேன் வந்து நின்றது. இறங்கியது டாக்டர் பியோ.

முடிந்தது, பிணத்தைப் பார்க்க வந்துவிட்டான் என்று நினைத்தார் மான்சிக்.

பியோ இடுப்புவரை குனிந்து அதிகாரியை வணங்கினார்.

“ஐயா, தயவுசெஞ்சு இதை மூடாதீங்க. தனியார் டாக்டர் நானே சொல்றேன். இந்த டாக்டர் தம்பி மாதிரி பொறுமையா பாக்க எங்க யாராலயும் முடியாது. இவர் இல்லன்னா இந்த வட்டாரத்துல வைத்தியமே நின்னு போயிடும். இந்தக் கூரை ஒழுகுதுன்னு கேள்விப்பட்டேன், அதை நான் சரிபண்ணித் தர்றேன்.”

அதிகாரி பேனாவை மூடினார். “தொழில்ல போட்டியா இருக்கறவரே இப்படிச் சொல்றப்ப நான் என்ன எழுதறது? நடக்கட்டும்.”

புன்னே தலைத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எத்தனை வருஷமாக இந்த மனிதரை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறோம் என்று மான்சிக் தலையில் அடித்துக்கொண்டார். வீட்டுக்கு ஓடி, கூரையோரம் தொங்கவிட்டுக் காயவைத்திருந்த பெர்சிமன் பழங்களை ஒரு சரமாக அவிழ்த்து எடுத்துவந்தார். பியோ உள்ளே யோனின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். அதனால் வேன் டிரைவரிடம் நீட்டினார்.

“உங்க முதலாளிகிட்ட குடுய்யா. இப்படி ஒரு மனசு இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே.”

டிரைவர் ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு நிதானமாக மென்றார்.

“மனசைப் பத்தி எனக்குத் தெரியாது, தலைவரே. இந்த டாக்டர் யாருக்காவது ‘ஒண்ணுமில்ல’ன்னு சொன்னாருன்னா, அவங்க கோவத்துல நேரா எங்க வேன்லதான் ஏறுவாங்க. இவரை மூடிட்டா எங்களுக்கு யாரு ஆள் அனுப்பறது?”