சம்பந்தியின் பெயர் சிறுத்துப்போன விவரம்

மரியாதைக்குரிய சம்பந்தி மணிவேல் அவர்களுக்கு,

பரசுராமன் இரு கைகளையும் கூப்பி எழுதிக்கொள்வது. அண்ணாமலையார் தயவில் நான், கஸ்தூரி, மணப்பெண் கீர்த்தனா மூவரும் உடம்பளவில் சௌக்கியம். தங்கள் போன் நாலு நாளாக அணைந்திருப்பதாலும், மாப்பிள்ளையும் எடுக்காததாலும், இதை ஆட்டோவில் கொடுத்தனுப்புகிறேன். முகூர்த்தத்துக்கு இருபது நாள்தான் இருக்கிறது. கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நடந்தது இதுதான். கல்யாண பேனரைப் பிரஸ்காரரிடமே விட்டிருந்தால், ரோஜாப்பூவும் குத்துவிளக்கும் போட்டு, முப்பத்தேழு உறவினர் பெயரையும் திணித்துக் கொடுத்திருப்பார். சென்னையில் டிசைன் படித்தவள் ஆயிற்றே, கீர்த்தனாவே செய்கிறேன் என்றாள். அவள் தேர்ந்தெடுத்தது அந்தக் காலத்து நாடக நோட்டீசில் வரும் மாதிரியான எழுத்து. உடம்பு பருமன், ஓரமெல்லாம் சுருள், அடியில் பாதம், பின்னால் நிழல் வேறு. "இந்த எழுத்துக்குன்னு ஒரு கம்பீரம் இருக்குப்பா" என்றாள். கம்பீரம் இருந்தது, இடம்தான் இல்லை. பெண், மாப்பிள்ளை பெயரைப் போட்டதுமே பேனரில் முக்கால் பாகம் தீர்ந்தது. 'திருமணம்' என்ற வார்த்தைக்கே இடம் போதாமல் விட்டுவிட்டோம். தங்கள் பெயரை அடியில், பிரஸ்காரரின் போன் நம்பருக்கு மேலே, பொடியாகப் போட வேண்டியதாயிற்று. என் பெயரும் அங்கேதான் இருந்தது. ஆனால் அது தங்கள் பெயருக்கு மேல் வரிசையில் இருந்தது என்று கஸ்தூரி சுட்டிக்காட்டுகிறாள்.

பேனரைச் செங்கம் ரோட்டில் கட்டியதுமே, கிரிவலம் வந்தவர்கள் ஏதோ பழைய படம் மறுபடி வருகிறது என்று நின்று பார்த்தார்கள். பேனரடியில் நின்ற என் மீசையைப் பார்த்து, இவர்தான் வில்லன் என்று ஒருவர் சொன்னதை நான் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் பேனரைப் பார்க்க வந்த தாங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, தங்கள் பெயரைத் தேடிக்கொண்டிருந்த நேரம் பார்த்தா ஓர் ஆட்டோக்காரர், "படம் எந்தத் தியேட்டர்ல ஓடுதுங்க?" என்று தங்களையே கேட்க வேண்டும்? காபி குடிக்காமல் போய்விட்டீர்கள்.

பேனரை அன்றே அவிழ்த்துவிட்டோம். "சம்பந்தி வாயைத் தொறந்து சரின்னு சொல்ற வரைக்கும் முகூர்த்தப் புடவைக்கு ஜாக்கெட் தைக்கக் குடுக்க மாட்டேன்" என்று கஸ்தூரி உட்கார்ந்திருக்கிறாள். கீர்த்தனா அழவில்லை. கம்ப்யூட்டரை மூடியவள் மூடியவள்தான். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. அந்த எழுத்தை இனி இந்த வீட்டில் எவரும் தொடுவதில்லை என்று மலையைப் பார்த்துச் சத்தியம் செய்கிறேன்.

தங்கள் துணைவியாருக்கு வணக்கம். மாப்பிள்ளை அருண்பிரசாத்துக்கு ஆசிகள், அவர் வாங்கிக்கொள்வாரானால்.

தங்கள் அன்பை வேண்டும்,
பரசுராமன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது பிரஸ்காரர் கூப்பிட்டார். தங்கள் மனம் குளிரட்டும் என்று பேனர் அவிழ்த்த அன்றே ஒரு போஸ்டருக்குச் சொல்லியிருந்தேன், மறந்தே போனேன். அதில் முழுக்கத் தாங்கள்தான். அதே எழுத்தில் தங்கள் பெயர், மேலே தங்கள் போட்டோ, கீழே முகூர்த்தத் தேதி. வேறெதற்கும் இடமில்லை. கறுப்பு வெள்ளைதான் எடுப்பாக இருக்கும் என்று கீர்த்தனா கம்ப்யூட்டரை மூடும் முன் சொன்னாள். வேங்கிக்காலில் தங்கள் தெரு முழுக்கவும் பஸ் ஸ்டாண்டிலும் இருநூறு ஒட்டியாகிவிட்டதாம். பஸ் ஸ்டாண்டில் பார்த்த இரண்டு பேர் என்னிடம் போனில் துக்கம் விசாரித்துவிட்டார்கள். தேதி அடுத்த மாதத்தது என்பதை இருவருமே கவனிக்கவில்லை. யாராவது மாலையோடு வந்தால், தயவுசெய்து கதவைத் தாங்களே போய்த் திறக்கவும்.