இந்தப் பக்கம் பார்க்காதே

கல்யாண வீட்டில் படம் எடுப்பவர் ஒரு ரகம், அடையாள அட்டைக்குப் படம் எடுப்பவர் இன்னொரு ரகம். இருவரும் பாவம், வயிற்றுப்பாட்டுக்காக எடுக்கிறார்கள், விட்டுவிடுவோம். மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹட்டன் பஸ் நிலையத்துப் பக்கம் போனால் பார்க்கலாம்: உடம்பெல்லாம் பை வைத்த காற்சட்டை, கழுத்தில் கனத்த கேமரா, பல்லி மாதிரிச் சுவரோடு ஒட்டிய நிலை. படம் எடுக்கச் சொல்லிக் கேட்டால் முகம் சுளிப்பார். எடுக்க வேண்டாம் என்றால் கட்டாயம் எடுப்பார். இவர்தான் காண்டிட் கலைஞர். அதாவது யாரையும் நிறுத்தி வைக்காமல், யாரையும் நடிக்க விடாமல், வாழ்க்கையை வாழ்க்கையாகவே பிடிப்பவர். அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்கிறார்.

நம்ம றொக்சனை எடுத்துக்கொள்ளுங்கள். வார நாட்களில் காப்புறுதிக் கம்பனியில் கழுத்துப்பட்டி கட்டிய உத்தியோகத்தர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கலைஞர். முகநூலில் அவருக்கென்று ஒரு பக்கம், அதில் படத்துக்குப் படம் ஒரு குழந்தையும் ஒரு புறாக் கூட்டமும். ஹட்டனில் வேறு எதுவுமே இல்லையா என்று கேட்டுவிடாதீர்கள். குழந்தை மட்டும் இருந்தால் அது குடும்பப் படம், புறா மட்டும் இருந்தால் அது பறவைப் படம், இரண்டும் சேர்ந்தால்தான் மானுடம் என்பது அவருடைய சித்தாந்தம். மேலே கொஞ்சம் மூடுபனியும் விழுந்துவிட்டால் கொழும்பில் கண்காட்சி வைக்கலாம்.

இத்தனைக்கும் அவர் பிறந்து வளர்ந்தது அக்கரப்பத்தனையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில்தான். சின்ன வயதில் கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாளில், முகமெல்லாம் பவுடரும் கையில் மெழுகுதிரியுமாக, சீலையில் வரைந்த நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நின்று கேமராவை நேராக முறைக்கும் ஸ்டூடியோ படம் ஒன்று அவருக்கும் உண்டு. அம்மா சிசிலி அதைச் சுவரில் மாட்டுவார். மகன் கழற்றி அலுமாரிக்குள் வைப்பார். "பொய்ப் படம்மா அது" என்பார்.

மெய்ப் படம் எடுப்பது லேசான காரியமா? முதலில் புறா வேண்டும். அரிசிக் கடை வாசலில் சிந்தியதைப் பொறுக்குகிற புறாக்களுக்குக் கலையைப் பற்றி அக்கறை கிடையாது. நிற்க வேண்டிய நேரத்தில் பறக்கும், பறக்க வேண்டிய நேரத்தில் தின்னும். அதனால் றொக்சன் கடலை வண்டிக்கார வீரய்யாவிடம் கடலை வாங்கித் தூவி, தோட்டத்துக் காலைப் பெரட்டில் வேலையாட்களை வரிசையாக நிறுத்தும் கண்டாக்கு மாதிரி அவற்றை வெளிச்சம் உள்ள பக்கமாக ஒதுக்குவார். பிறகு வீரய்யா கைதட்ட வேண்டும். எப்போது? றொக்சன் தலையாட்டும்போது. இதற்குத்தான் எதிர்பாராத தருணம் என்று பெயர்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வட்டகொடையிலிருந்து பிரேமினி என்ற பெண் தன் மகள் தனுஜாவைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். மறுநாள் அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்படுகிறாள்; திரும்பி வர இரண்டு வருஷமாகும். வெளிநாடு போகிறவர்கள் பிள்ளையோடு ஸ்டூடியோவில் படம் எடுத்து, அதை லெமினேட் பண்ணிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போவது அங்கே வழக்கம். போகிற வீட்டில் போனை வாங்கி வைத்துக்கொண்டாலும் படத்தை வாங்க மாட்டார்கள். அதற்காகத்தான் தீபாவளிச் சட்டை, ரிப்பன், வெள்ளைச் சப்பாத்து எல்லாம். வழியில் பிள்ளை புறாவைப் பார்த்து நின்றது. றொக்சன் பிள்ளையைப் பார்த்து நின்றார்.

"ஸ்டூடியோவுக்கா போறீங்க? அங்க எடுக்கிறதெல்லாம் பொம்மைப் படம் தங்கச்சி. நான் எடுத்துத் தர்றேன், அதுல உசுரு இருக்கும்."

"நாங்க ரெண்டு பேரும் சேந்தாப்ல வேணும் சார். நாளைக்குப் பயணம்."

"எடுப்போம், எடுப்போம். மொதல்ல புள்ளய மட்டும்."

சப்பாத்து கழன்றது. ரிப்பன் அவிழ்ந்தது. தீபாவளிச் சட்டையின் மேல் வீரய்யாவின் வண்டியில் கிடந்த பழைய ஸ்வெட்டர் ஏறியது. இப்போதுதான் பிள்ளை இயல்பாக இருப்பதாக றொக்சன் சொன்னார்.

"எங்க பாக்கணும் மாமா?" என்று தனுஜா கேட்டாள்.

"எங்கயும் பாக்காத. சும்மா நிக்கிற மாதிரி நில்லு."

"சும்மாதானே நிக்கிறேன்."

"அப்படியில்ல. யாரும் சொல்லாம சும்மா நிக்கிற மாதிரி."

பிள்ளை அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. றொக்சன் கேமராவைக் கீழே இறக்கினார். "தங்கச்சி, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்களப் பாத்துப் பாத்துச் சிரிக்குது."

"எம் புள்ள சிரிக்கக் கூடாதா சார்?"

"சிரிக்கலாம். இந்தப் படத்துக்கு வேணாம்."

பிரேமினி தள்ளி நின்றாள். இன்னும் கொஞ்சம் என்றார், இன்னும் தள்ளினாள். கடைசியில் மகளின் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றாள். அம்மாவைக் காணாமல் பிள்ளையின் முகம் கோணியது. றொக்சன் தலையாட்டினார், வீரய்யா தட்டினார், புறாக்கள் எழும்பின. கிடைத்துவிட்டது.

"இப்ப எங்க ரெண்டு பேரையும் எடுங்க சார்."

"வெளிச்சம் போயிருச்சே தங்கச்சி." பனி உண்மையிலேயே இறங்கித்தான் இருந்தது. அதற்காக ஒரு படம் எடுத்துக் கொடுத்தால் கேமரா தேய்ந்துவிடுமா? ஆனால் நேராக நின்று சிரிப்பவர்களை எடுப்பதில்லை என்பது கலைஞரின் கொள்கை. கொள்கைக்காகத் தியாகம் செய்ய வேண்டும் அல்லவா? செய்தார். பிரேமினியின் படத்தைத் தியாகம் செய்தார்.

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை பகலோடு பூட்டிவிடுவார்கள், பூட்டியிருந்தது. மறுநாள் அவள் பெட்டியில் எல்லாம் இருந்தன, மகள் மட்டும் இல்லை.

படம் அன்று மாலையே முகநூலில் ஏறியது. தலைப்பு: யாருமற்றவள். பார்த்தவர்கள் உருகினார்கள். இந்தப் பிஞ்சின் தாய் எங்கே போனாள் என்று ஒருவர் கேட்டார், இவர்களெல்லாம் எதற்குப் பெற்றுக்கொள்கிறார்கள் என்று இன்னொருவர் எழுதினார். றொக்சன் எல்லாருக்கும் கைகூப்பி நன்றி சொன்னார்.

சில வாரம் கழித்து, குவைத்தில் ஒரு வெள்ளிக்கிழமை போன் கைக்குக் கிடைத்தபோது, ஊரார் சொல்லித் தேடிப் பிடித்து, பிரேமினியும் அந்தப் படத்தின் கீழே எழுதினாள். "இது எம் மக. நான் தூணுக்குப் பின்னால நிக்கிறேன்." படத்தின் இயல்பைக் கெடுக்கிறது என்று றொக்சன் அதை நீக்கிவிட்டார்.

உங்களுக்கென்ன, உங்களிடம் கேமராவே இல்லை என்கிறீர்களா? சந்தோஷம். ஆனால் அந்தப் படத்தின் கீழே அழுகிற முகம் போட்டவர்களின் பெயர்கள் இன்னும் நீக்கப்படவில்லை. நேரம் கிடைக்கும்போது ஒருமுறை வாசித்துப் பாருங்கள். முகநூலில் உங்கள் பெயரை நீங்கள் எப்படி எழுதுவீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.