நாக்குக்கு அடியில் நாலு உருண்டை

கொங்கு மண்டலத்தில் பொறாமைப்படாத மனிதர் உண்டா, தெரியாது. பொறாமையை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைத்தவர் ஒருவர்தான். சோமனூரில் அவரை ‘உருண்டை டாக்டர்’ என்பார்கள். ஹோமியோபதி. அவர் கிளினிக்கில் நான் சீட்டு எழுதினேன், குப்பி கழுவினேன், ராத்திரியில் அங்கேயே பெஞ்சில் படுத்துக்கொண்டேன். எட்டாவதோடு படிப்பை விட்டு லாரி, ஓட்டல், சாயப்பட்டறை என்று சுற்றியவனுக்கு அது பதினோராவது வேலை.

எதிர்ச்சாரியில் ஓர் இளைஞர் கண்ணாடிக் கதவும் ஏசியுமாக இன்னொரு ஹோமியோ கிளினிக் திறந்தார். அங்கே செல்போனிலேயே டோக்கன். எங்கள் பெஞ்சில் பகலிலும் நான் கால் நீட்டிப் படுக்க இடம் கிடைத்தது.

அங்கே மருந்து வாங்கியவர்கள் நேராக இங்கே வந்து குப்பியை நீட்டுவார்கள். “ஏனுங்க டாக்டரே, இது சரியான மருந்துதானுங்களா?”

இன்னொரு டாக்டரின் வைத்தியத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. முகம் மட்டும் சிவக்கும். உடனே மருந்து ஊற்றாத வெறும் சீனி உருண்டை நாலை நாக்குக்கு அடியில் போட்டுக்கொள்வார். கரைந்த பிறகுதான் பேச்சு. “அவரும் படிச்சவருங்க. அவரையே கேட்டுக்கோங்க.”

எதிரே கூட்டம் பெருகப் பெருக நாலு எட்டாகி, எட்டு, டப்பாவின் மூடி நிறைய ஆயிற்று. கடைசியில் அவருக்குச் சர்க்கரை வியாதியே வந்துவிட்டது. அதற்கும் அந்த இளைஞரை அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடிக் கதவை மட்டும் முறைத்தார்.

சாயப்பட்டறையில் வாங்கி வந்த அரிப்பு என் கையில் இருந்தது. மூன்று மாதம் அவர் மருந்து தின்றும் அடங்கவில்லை. திருட்டுத்தனமாக எதிர்ச்சாரிக்குப் போனேன். நாலாம் நாள் அரிப்பு இரண்டு மடங்கானது. பயந்துபோய் இவரிடமே குப்பியை நீட்டி, “நிறுத்திப்போடட்டுங்களா?” என்று கேட்டேன்.

‘நிறுத்து’ என்று அவர் சொல்லியிருந்தால் போதும். அந்த இளைஞரின் பெயரை ஊரெல்லாம் நானே நாறடித்திருப்பேன்.

அவர் டப்பாவைக் கவிழ்த்து வாய் நிறையப் போட்டுக்கொண்டார். கரைய வெகுநேரம் ஆயிற்று. அதற்குள், எனக்குத் தான் கொடுத்துப் பலிக்காத மருந்துகளை ஒன்று விடாமல் ஒரு தாளில் எழுதி மடித்தார்.

“இதை அவருகிட்டக் குடுத்துப்போடு கண்ணு. நா எதெதுல தோத்தேன்னு தெரிஞ்சா அவருக்குச் சுலுவா இருக்கும்.”

வாசல் தாண்டும்போது கேட்டார்: “அங்க ஏசி ரொம்பக் குளுருதா?”

அந்த இளைஞரின் மருந்திலேயே அடுத்த மாதம் அரிப்பு போயிற்று. இவரிடம் கையைக் காட்டினேன். தடவிப் பார்த்தார். முகம் சிவந்தது. டப்பாவைத் தேடினார். நான் முந்திக்கொண்டு எடுத்து, சர்க்கரை உள்ள மனுஷனாயிற்றே என்று, இரண்டே இரண்டு உருண்டையை மூடியில் எண்ணிப் போட்டு நீட்டினேன்.