ரீஸின் ஹெல்மெட்டில் இருந்த சிவப்புக் கோடு

பெருமதிப்புக்குரிய அத்தான் டார்வின் அவர்களுக்கு,

மைத்துனன் ஆர்வில் எழுதுவது. இங்கே நானும் என் மூட்டுவலியும் சௌக்கியம். அங்கே அக்கா மார்லிஸ், பன்றிகள், சோளம் எல்லாம் சௌக்கியமா? போன அக்டோபரில் கொட்டகைக் கதவுக்கு நீங்கள் அடித்த சிவப்புப் பெயிண்ட் இன்னும் மங்கவில்லையாமே, சந்தோஷம்.

நிற்க. வெள்ளிக்கிழமை போனில் "நீயெல்லாம் ஒரு தாய்மாமனா?" என்று கேட்டீர்கள். அங்கேயே பதில் சொல்லியிருப்பேன், நீங்கள் மூச்சு விட்டால்தானே. சீசன் முடிந்ததும், தலையோடு தலை மோதி ஆடும் நம் காலேஜ் ஃபுட்பாலின் ஹெல்மெட்டுகள் எல்லாம் என் பட்டறைக்கு வரும். பழைய பெயிண்டைச் சுரண்டி, தேய்த்து, கழுவி, மேலோட்டைத் தட்டிப் பார்த்து, மறுபடி வெள்ளையடித்து ஆகஸ்ட் பயிற்சிக்குள் அனுப்புவது என் பிழைப்பு. உங்கள் மகன் ரீஸின் ஹெல்மெட்டும் வந்தது, இடது நெற்றிப்பொட்டுப் பக்கம் அந்தப் புகழ்பெற்ற சிவப்புக் கோட்டோடு. எதிராளியின் சிவப்பு ஹெல்மெட்டில் மோதியபோது ஒட்டிய பெயிண்ட் என்று சர்ச்சில் சொன்னீர்கள், தானியக் கிடங்கில் சொன்னீர்கள், பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடியே சொன்னீர்கள். வீட்டுக்கு வந்த ஹெல்மெட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஊரைக் கூட்டிக் காட்டினீர்கள். இங்கே மெடலைவிட அந்தத் தழும்புக்குத்தான் மதிப்பு, எனக்கும் தெரியும். ஆனால் தேய்ப்பது என் வேலை, தேய்த்தேன். கோடு போயிற்று, கோட்டுக்கு அடியில் விரிசல் இருந்தது. நகத்தை வைத்தால் நகம் உள்ளே போகிறது.

இது இனி ஆகாது என்று காலேஜுக்குச் சொல்லியனுப்பினேன்; நீங்கள் ஏவிவிட்ட கோச் மறுநாளே வந்து நின்றார்.

"இதெல்லாம் ஒரு விரிசலாய்யா? மேல ரெண்டு கோட்டிங் குடுத்தா யாருக்குத் தெரியப் போவுது?"

"அவன் மண்டைக்குத் தெரியுமே."

"அவனுக்கு அது ராசியான ஹெல்மெட்யா!"

"ராசியான ஹெல்மெட் ஏன் சார் வெடிச்சுது?"

கூடவே வந்த ரீஸ் பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். "மாமா, கோடு இல்லாம போனா பசங்க என்னை ஓட்டித் தள்ளிடுவானுங்க. அப்பா வேற ஒரு மாசம் பேச மாட்டாரு."

"அது கிடக்கட்டும்டா. தலை கிலை வலிக்குதா?"

"எப்பவாச்சும்."

"எங்க?"

கோடு இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினான். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன அத்தான். விரிசல் விட்டதை யாரும் மறுபடி மாட்டாதபடி அழித்துவிட வேண்டும் என்பது விதி; அதன்படி அந்த ஹெல்மெட்டை அவர்கள் கண் முன்னாலேயே ரம்பத்தில் வைத்து இரண்டாக அறுத்துவிட்டேன். "இனிமே காலேஜ் ஹெல்மெட் ஒண்ணுகூட உன் வாசப்படி ஏறாது" என்று கோச் குதித்தார். ஏறாவிட்டால் போகட்டும். டிராக்டருக்குப் பெயிண்ட் அடித்துப் பிழைத்துக்கொள்வேன். டிராக்டருக்கு அப்பா கிடையாது.

புது ஹெல்மெட் தயார், முட்டை ஓடு மாதிரி வெள்ளையாக. அதில் பழையபடி ஒரு கோடு இழுத்துக் கொடு, யாருக்குத் தெரியும் என்று கேட்டீர்களே, முடியாது. என் கையில் பிரஷ் இருக்கும்வரை அடிபடாத ஹெல்மெட்டுக்கு அடிபட்ட வேஷம் கட்டமாட்டேன். மருமகன் ஆசைப்பட்டால் களத்தில் இறங்கித் தானே சம்பாதித்துக்கொள்ளட்டும். திங்கட்கிழமை அவனை டாக்டரிடம் நான் கூட்டிப் போகிறேன். அக்காவுக்கு என் அன்பு, பன்றிகளுக்கு என் விசாரிப்பு. ஆண்டவர் உங்கள் சோளத்தை ஆலங்கட்டி மழையிலிருந்தும், உங்கள் மகனை உங்கள் பெருமையிலிருந்தும் காப்பாற்றட்டும்.

என்றும் பணிவு குறையாத,
ஆர்வில்

பின்குறிப்பு: இதை உறையில் போடும்போது ரீஸ் வந்தான். கோடு இருந்தால்தான் புதுசைப் போடுவானாம், டாக்டரிடம் வருவதும் அப்போதுதானாம். இல்லையென்றால் எவனுடைய பழசையாவது மாட்டிக்கொண்டு இறங்குவானாம். உங்கள் மகன் வேறு எப்படி இருப்பான்? ஆகவே கோடு போடுகிறேன். அந்த எதிரணியின் சிவப்பு என்னிடம் டப்பா டப்பாவாக இருக்கிறது, அவர்களுக்கும் அடிப்பது நான்தானே. தேய்த்த உப்புக்காகிதத்தில் ஒட்டியிருந்த பழைய சிவப்போடு வைத்துப் பார்த்தேன், கிட்டவே வரவில்லை. கொட்டகைக் கதவுக்கு அடித்ததில் மிச்சம் இருக்குமே, அந்த டப்பாவைக் கொடுத்தனுப்புங்கள், அதுதான் அச்சாகப் பொருந்தும். அக்காவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தடவை விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பூசுகிறேன்.