மஞ்சள் பூசிய புகைக் குழாய்

ஒரகடம்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய நம்பிராஜன் அவர்களுக்கு, சண்முகசுந்தரம் வணக்கத்துடன் எழுதுவது. குன்றத்தூரில் தாங்களும் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். இங்கே கார் நீங்கலாக அனைவரும் சுகம்.

சென்ற மாதம் எங்கள் குடும்பம் கூடி, காரின் பானட்டுக்குள் இருக்கும் குழாய்களுக்கு மாம்பழ மஞ்சள் நிறம் பூசுவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. சிவப்பும் நீலமும் விரிவாகப் பரிசீலிக்கப்பட்டுக் கைவிடப்பட்டன. தங்கள் மகள் இசக்கிசெல்வியைப் பெண் பார்க்க நாங்கள் வரவிருந்த கார் என்பதால் விஷயத்தை அற்பமாகக் கருத இயலவில்லை. "பொண்ணு வீட்டுல எவனாச்சும் பானட்டத் தொறந்து பாக்காம இருக்கமாட்டான் அத்தான்" என்றார் என் மைத்துனர் மாசானம். அது உண்மைதான். வீட்டுக்கு ஒருவர் கார் கம்பெனியில் வேலை பார்க்கும் இந்தப் பகுதியில், மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் அவன் வந்த இன்ஜினைப் பார்த்துவிடுகிறார்கள்.

எங்களுடையது டர்போ வைத்த டீசல் கார். பானட்டைத் திறந்தால் கண்ணில் படும் பெரிய குழாய்கள் நான்கு. மூன்றில் இன்ஜினுக்குள் போகும் காற்று ஓடுகிறது. நான்காவதில் இன்ஜின் எரித்துத் தள்ளிய புகை ஓடுகிறது. நான்கையும் கழற்றி, கேட்டுக்கும் கட்டிலுக்கும் பவுடர் கோட்டிங் செய்யும் ஒரு ஷெட்டுக்குக் கொண்டுபோனோம். மாவு போன்ற வண்ணத்தூளை இரும்பில் ஒட்டவைத்து, இருநூறு டிகிரி அடுப்பில் வேகவிட்டு எடுக்கிறார்கள். அங்கே என் மகன் வேல்ராஜ், "அப்பா, அந்தப் புகைக் குழாய மட்டும் விட்டுருவோமே" என்றான். நெருப்பிலேயே பிறக்கிற பொருளை நெருப்பு என்ன செய்துவிடும் என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. என் வீட்டில் பதில் இல்லையென்றால் சம்மதம் என்று கொள்வது என் வழக்கம். தரகரிடம் கொடுத்தனுப்பிய விவரத்தாளில் "கோபமே வராத பையன்" என்று நான் எழுதியதும் இந்த அடிப்படையில்தான்.

சென்ற ஞாயிறு நல்ல நேரத்தில் கிளம்பினோம். படப்பை தாண்டியதும் பிளாஸ்டிக் வாளி எரிகிற மாதிரி ஒரு வாடை. என் மனைவி கனகலட்சுமி ஏதோ ஃபேக்டரி வாடை என்றாள். நம் பக்கத்தில் அது நியாயமான ஊகமே. வாடையும் எங்களோடு கூடவே பயணம் செய்ததால்தான் சந்தேகம் வந்தது. நிறுத்தித் திறந்தால், காற்றுக் குழாய்கள் மூன்றும் புத்தம் புதிதாக மின்னுகின்றன. நான்காவது மட்டும் கருகி, அப்பளம் மாதிரி கொப்புளித்துப் புகைந்துகொண்டிருக்கிறது. மாசானம் யாரையும் கேட்காமல் பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து உள்ளே ஊற்றினார். புகை நின்றது. அதன்பின் கார் கிளம்பவில்லை.

நேரமாகிறதே என்று தங்கள் மகள் வேல்ராஜுக்குப் போன் செய்தது அப்போதுதான். சைலன்ஸர் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண்ணல்லவா, நேராக விஷயத்துக்கு வந்துவிட்டாள். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் டீக்கடையில் நின்றவர்கள் உட்பட எல்லோரும் கேட்டோம்.

"காத்து போற பைப்பா, புகை போற பைப்பா?"

"புகை."

"அதுலயா பவுடர் அடிச்சீங்க? யாரு சொல்லி?"

வேல்ராஜ் என்னைப் பார்த்தான். "நான்தான்" என்றான். அவள் சிரித்தாள். சின்னச் சிரிப்பு என்று சொல்லமாட்டேன். அவன் போனை வைத்துவிட்டுச் சாலையோரம் போய் நின்றான். நான் பக்கத்தில் போனபோது குரலை உயர்த்தாமல்தான் பேசினான்.

"இருநூறுல வெந்துச்சுன்னா இருநூறு வரைக்கும் தாங்கும்னுதாம்ப்பா தெரியும். அதுக்கு மேல அதுகிட்ட யாரும் கேட்டுப் பாக்கலயே."

அந்தக் குழாயின் சூடு ஐந்நூறைத் தாண்டுமாம். காரைக் கட்டியிழுத்து வர ஏற்பாடு செய்துவிட்டு, பாதி வழியிலேயே பஸ்ஸில் திரும்பியபோது என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் அவன் என்னோடு உட்காரவில்லை. மறுநாள், "யோசிச்சுச் சொல்றோம்" என்று தாங்கள் சொல்லியனுப்பியதாகத் தரகர் வந்து சொன்னார். அதையும் பதில் பேசாமல் கேட்டுக்கொண்டான். முதல் முறையாக, அதைச் சம்மதம் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒரு வாரமாக யோசித்துப் பார்க்கிறேன். என் மகனின் பொறுமையை என் வீட்டுச் சூட்டில் மட்டுமே பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் உத்தரவாதம் தர நான் யார்? ஆகவே விவரத்தாளில் "கோபமே வராத" என்பதை "இதுவரை கோபத்தை வெளியே காட்டாத" என்று திருத்திக்கொள்ளவும். குழாய்க்கு மஞ்சள் பூசச் சொன்னவன் அவனல்ல என்பதையும் தங்கள் மகளிடம் தெரிவிக்கவும். என்னை முன்னிட்டு அவனைத் தள்ளிவிட வேண்டாம். வேறொரு நாள் குறித்தால் பஸ்ஸிலேயே வருகிறோம்.

தங்கள் இல்லத்து அடுப்புகள் அளவோடு எரிந்து, எல்லோரும் நிறைவாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
சண்முகசுந்தரம்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்கச் சொல்லலாம் என்று வேல்ராஜைத் தேடினேன். அவனும் இல்லை, காரும் இல்லை. கனகலட்சுமியை விசாரித்ததில், புதன்கிழமை ஷிஃப்ட் முடிந்து தங்கள் மகள் உப்புத்தாளோடு இங்கே வந்ததும், நான் மதியத் தூக்கத்தில் இருந்தபோது இருவருமாக அந்தக் குழாயைத் தேய்த்து வெறும் இரும்பாக்கி, காரையும் கிளம்பவைத்ததும், "மாமாதானே பூசச் சொன்னாங்க?" என்று அவள் கேட்டதும், அவன் சிரித்ததும் தெரியவந்தன. தங்களிடம் பேசுவதற்காக அவன் இன்று காலையிலேயே குன்றத்தூர் கிளம்பிவிட்டானாம். இக்கடிதம் வந்து சேரும் முன்பே கார் தங்கள் வாசலுக்கு வந்திருக்கும். மற்ற மூன்று குழாய்களும் மஞ்சளாகவே இருக்கின்றன.