ஹார்லன் ஃபால்ஸ் நாரைகளின் வீர வரலாறு

நன்றியுணர்ச்சி என்றால் என்னவென்று உலகம் கற்றுக்கொள்ள விரும்பினால், எங்கள் ஹார்லன் ஃபால்ஸ் 'நாரைகள்' பேஸ்பால் அணியின் வரலாறு ஒன்றே போதும். அணியின் விளம்பர அதிகாரி என்ற முறையில் அதை எழுதும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

ஒஹாயோவின் இரும்பாலைத் தொழிலாளிகள் ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் தொடங்கிய அணி இது. தொண்ணூற்று நான்கு ஆண்டுகளில் ஒரு கோப்பையைக்கூட வென்று யார் மனதையும் புண்படுத்தியதில்லை. ஆலை மூடப்பட்டது, ஆட்டம் பார்க்க வரும் கூட்டம் குறையவில்லை. உரிமையாளர் பிரெஸ்காட் லிண்ட் புது மைதானம் கேட்டபோது, ஊர் தன் நீச்சல்குளத்தையும் நூலகத்தையும் மூடிவிட்டுக் கட்டிக்கொடுத்தது.

எட்டு ஆண்டு கழித்து, அணி நெவாடாவுக்கு 'விரிவடைகிறது' என்று நகர மன்றத்தில் லிண்ட் அறிவித்தார். 'போகிறது' என்ற கொச்சையான சொல்லை நீக்கியது அடியேன்தான்.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் பெர்னிஸ் ஓல்ஷெவ்ஸ்கி எழுந்தார்.

"ஏன் தம்பி, நீ கேட்ட மைதானத்தக் கட்டித் தந்தோமே?"

"அந்த நன்றிய மறப்பேனாம்மா? அதான் சொல்லிட்டுப் போறேன்."

"பேரையாவது விட்டுட்டுப் போ."

"அதுவும் எங்களோடதும்மா."

"அது பாலைவனம்ப்பா. நாரையே கிடையாது."

"வரவழைச்சிடலாம்மா."

மன்றம் எழுந்து நின்று கைதட்டியது. மேயர் கண்ணைத் துடைத்தபடி லிண்டுக்கு ஊரின் உச்ச மரியாதையான பொன்னாலான நகரச் சாவியைப் பரிசளித்தார்.

கடைசி ஆட்டத்திலும் மரபு வழுவாமல் தோற்றோம். எல்லோரும் கலைந்தார்கள். பெர்னிஸ் மட்டும் எழவில்லை. பக்கத்து இருக்கை காலி. கணவர் ஸ்டான் இறந்த பிறகும் அதற்கு ஆண்டுதோறும் டிக்கெட் வாங்கிவந்தார். எங்கள் விற்பனைப் பிரிவு அவரை 'முன்மாதிரி வாடிக்கையாளர்' என்று பாராட்டியிருக்கிறது. அவர் கைப்பையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து, அந்தக் காலி இருக்கையின் போல்ட்டில் மாட்டினார்.

காவலாளி டெரெல் ஓடி வந்தார்.

"வேணாம் பெர்னிஸ் அக்கா. கேமரா இருக்கு."

"தெரியும்ப்பா. அதுக்குத்தான் முடி வெட்டிட்டு வந்திருக்கேன். அந்தப் பக்கத்து போல்ட்டக் கொஞ்சம் புடி."

டெரெல் பிடித்தார். மறுநாளே அவரும் வேலையிலிருந்து 'விரிவடைந்தார்'.

வழக்கு நீதிமன்றம் வந்தது. நீதிபதி கேட்டார்:

"அந்த நாற்காலிய வச்சு என்னம்மா பண்ணப் போறீங்க? உக்காரவா?"

"இல்லீங்க. பக்கத்துல உக்கார."

 சட்டம் எல்லோருக்கும் பொது என்பதால், நீதிபதி அபராதம் விதித்தார்.

எங்கள் அணியின் நெடிய வரலாற்றில், ஊர்ச் சொத்தைப் பெயர்த்துக்கொண்டு போனதற்காகத் தண்டிக்கப்பட்டவர் அந்த அம்மாள் ஒருவரே.